வேதனையின் அளவு: 'எ லிட்டில் லைஃப்' நாவலின் நிறையும் குறையும்

குழந்தைப் பருவத்தில் பெரியவர்களின் கையில் சித்திரவதைப்பட்ட ஒருவன், அந்தப் பருவத்தைத் தாண்டி, படித்து, பதவி பெற்று, நண்பர்கள் சூழ வாழும்போதும் உள்ளுக்குள் அந்தப் பழைய அறையிலேயே அடைபட்டுக் கிடக்கிறான் என்பதை நாவலாக எழுதப் புகும் ஆசிரியருக்கு எப்போதும் ஒரு தர்மசங்கடம் காத்திருக்கிறது. குறைத்துச் சொன்னால் பட்டவனுக்குத் துரோகம் செய்ததாகும். மிகுத்துச் சொன்னால் அவன் பட்டதையெல்லாம் வாசகரின் கண்ணீருக்குத் தீனியாக்கியதாகும். இந்தச் சங்கடத்தை நேருக்கு நேர் சந்தித்து, மிகுத்துச் சொல்வது என்ற வழியையே தெரிந்து துணிந்து தேர்ந்துகொண்ட நாவல், அமெரிக்க எழுத்தாளர் ஹான்யா யானகிஹாரா 2015இல் வெளியிட்ட 'எ லிட்டில் லைஃப்'. 700 பக்கங்களுக்கு மேல் விரியும் இந்நூல் அந்த ஆண்டிலேயே புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் அமெரிக்காவின் தேசியப் புத்தகப் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. கிர்க்கஸ் பரிசைப் பெற்றது. அன்று தொடங்கிய வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. இதைத் தம் வாழ்வில் படித்த மகத்தான நூல் என்று கொண்டாடுவோரும், வேதனையை வைத்து விளையாடும் நூல் என்று ஒதுக்குவோரும் ஏறக்குறைய சமமான ஆவேசத்துடன் பேசுகிறார்கள்.

கதையின் தொடக்கம் இத்தகைய பூசலுக்கு இடம் தருவதாகவே தெரிவதில்லை. கல்லூரியில் ஒரே அறையில் வசித்த நான்கு நண்பர்கள் நியூயார்க் நகரத்துக்கு வந்து பிழைப்புத் தேடுகிறார்கள். வில்லெம் நடிகனாக விரும்புகிறான், ஜே.பி. ஓவியன், மால்கம் கட்டடக் கலை பயின்றவன், நான்காமவன் ஜூட், சட்டம் படித்தவன். லிஸ்பனார்டு தெருவில் வில்லெமும் ஜூடும் பங்கிட்டுக்கொள்ளும் ஒண்டுக்குடித்தனம், வாடகைக் கவலை, விருந்துகள், நண்பர்களுக்குள் எழும் சின்னச் சின்னப் பொறாமைகள் என்று முதல் நூறு பக்கங்கள் ஓர் இளைஞர் குழாத்தின் சரித்திரமாகவே நகர்கின்றன. ஆனால் ஜூட் எந்தக் கோடையிலும் நீண்ட கை வைத்த சட்டையையே அணிகிறான், நடக்கும்போது காலை இழுத்து இழுத்து நடக்கிறான், தன் பிறப்பைப் பற்றியோ வளர்ப்பைப் பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்பவை ஒவ்வொன்றாகத் தெரியவர, மற்ற மூவரின் கதைகளும் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய், நூல் முழுவதும் ஜூடின் மௌனத்தைச் சுற்றியே வட்டமிடலாகிறது. பிறந்தவுடன் கைவிடப்பட்ட சிசு. துறவிகளின் மடத்தில் அடியும் உதையுமாக வளர்ப்பு. லூக் என்ற துறவி அவனை அழைத்துக்கொண்டு ஓடிப்போய் விடுதி விடுதியாக வைத்து விலைபேசிய ஆண்டுகள். பிறகு அரசுக் காப்பகம், அங்கும் அதே கொடுமை. அங்கிருந்து தப்பியவனை அடைத்து வைத்து, இறுதியில் காரை ஏற்றி அவன் கால்களைச் சிதைத்த ஒரு மருத்துவர். இத்தனையும் 15 வயதுக்குள் அல்லது அதையொட்டி நடந்து முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு வாழ வேண்டிய ஆண்டுகளைப் பற்றியதே இந்நூல்.

நிறைகளை முதலில் சொல்வதே நியாயம். ஏனெனில் அவை சாமானியமானவையல்ல.

கொடுமை எப்படி அன்பின் வேஷத்தில் வந்து சேருகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகவும் நுணுக்கமாகவும் எழுதிய நாவல்கள் சிலவே. மடத்தில் எல்லோரும் அவனை வெறுப்போடும் கண்டிப்போடும் நடத்துகையில், லூக் ஒருவர்தான் இனிமையாகப் பேசுகிறார். தாம் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்கு அவனை அழைக்கிறார். சிறு பரிசுகள் தருகிறார். காட்டுக்குள் நமக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்வோம், தகப்பனும் பிள்ளையுமாக வாழ்வோம் என்று ஆசை காட்டுகிறார். பத்து வயதுகூட நிரம்பாத பையன், தன்னை முதன்முதலாக மனிதனாக மதித்தவர் என்று நம்பி அவர் பின்னே போகிறான். போன பிறகுதான் அந்த இனிமை முழுவதும் வலையென்று தெரிகிறது. தெரிந்த பின்னும் அவரை அவனால் முழுவதுமாக வெறுக்க முடிவதில்லை, காரணம் எழுத்தையும் கணக்கையும் இசையையும் அவனுக்குக் கற்பித்தவரும் அவரே. இந்த இடத்தில் ஆசிரியை காட்டும் மனோதத்துவ ஞானம் அபாரமானது. குழந்தைகளைக் கெடுப்பவன் அநேகமாக முரட்டு அந்நியனாக வருவதில்லை, நம்பிக்கைக்கு உரியவனாகவே வருகிறான் என்பதை, குழந்தைப் பாதுகாப்புத் துறையில் உழைப்பவர்கள் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். அவர்கள் அறிக்கைகளில் சொல்லும் உண்மை இங்கே ஒரு பையனின் இருதயத்துக்குள்ளிருந்து எழுதப்பட்டிருக்கிறது.

இதன் விளைவு நூலின் பிற்பகுதியில்தான் முழுமையாகப் புலப்படுகிறது. ஜூடுக்குச் சட்டம் கற்பித்த பேராசிரியர் ஹரால்டும் அவர் மனைவி ஜூலியாவும் அவனிடம் பிரியம் வைத்து, அவனுக்கு 30 வயதாகும்போது சட்டப்படி அவனைத் தங்கள் மகனாகச் சுவீகரித்துக்கொள்கிறார்கள். வேறொரு நாவலில் இது சுகமான முடிவாக அமைந்திருக்கும். இங்கேயோ அந்தச் செய்தியைக் கேட்டதுமுதல் ஜூட் நடுங்குகிறான். தான் யாரென்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் கைவிட்டுவிடுவார்களே என்ற பயம் ஒரு புறம். பிரியம் காட்டியவர்கள் என்றைக்காவது அதற்கு விலை கேட்பார்கள் என்று உடம்பே அறிந்து வைத்திருக்கும் பயம் மற்றொரு புறம். ஹரால்டின் சொந்த மகன் சிறுவயதிலேயே நோயால் இறந்துபோனவன். அவன் கையால் செய்த ஒரு மண்குவளையை ஜூட் தவறிப்போய் உடைத்துவிடும் இடம் இருக்கிறது. பெரிய குற்றம் செய்தவன்போல அவன் படும் பாட்டையும், பொருள்கள் உடைவது உலக இயல்பு என்று ஹரால்ட் அவனுக்கு எழுதும் கடிதத்தையும் படிக்கும் வாசகர், தண்டனையைத் தவிர வேறொன்றையும் எதிர்பார்க்கத் தெரியாத மனத்தின் அமைப்பை வேறு விளக்கம் இல்லாமலே உணர்ந்துகொள்கிறார். நூலின் இறுதியை நெருங்குகையில், வில்லெம் இறந்த துக்கத்தால் உணவை மறுத்து மெலிந்துபோன ஜூட், தனக்கு முன்னே வைத்த உணவுத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிகிறான். ஹரால்ட் எழுந்து வருகிறார். அடி விழப் போகிறது என்று அவன் உறுதியாக நம்புகிறான். அவரோ அவனைக் கட்டி அணைத்துக்கொள்கிறார். 50 வயதைத் தாண்டிய அந்த மனிதன் அப்போதுதான் முதன்முதலாகக் குழந்தையாக அழுகிறான். நூல் முழுவதிலும் இதற்கு ஈடான காட்சி வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தவரின் துன்பத்துக்கு அருகில் நிற்பவர்களின் நிலையை எழுதியிருப்பதும் இந்நூலின் பெரிய பலம். ஜூடின் மருத்துவரும் நண்பருமான ஆண்டி, அவன் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை ஆண்டுக்கணக்காக அறிந்தவர். கோபிக்கிறார், மிரட்டுகிறார், மருத்துவமனையில் சேர்ப்பேன் என்கிறார், பின்பு மனம் இளகி மறுபடியும் மருந்திட்டுக் கட்டுப்போட்டு அனுப்புகிறார். இறந்துபோன வில்லெமை நோக்கி ஹரால்ட் தன்மையில் பேசும் பகுதிகளில், கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டோமே என்ற ஒரு தகப்பனின் பரிதவிப்பு தெளிந்த நடையில் வெளிப்படுகிறது. ஒருவன் மறைக்க விரும்புவதை மதிப்பதா, அவன் உயிரைக் காக்க அந்த மறைவை உடைப்பதா என்ற கேள்விக்கு இவர்களில் எவருக்கும் விடை கிடைக்கவில்லை. மன நோயுற்ற ஓர் உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் எவரும் இந்தப் பக்கங்களைப் பொய்யென்று சொல்லமாட்டார்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய வேதனை மனத்தில் மட்டும் தங்குவதில்லை. அமெரிக்காவில் பெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு, இளம் வயதில் பட்ட கொடுமைகளின் வகைகள் பெருகப் பெருக, பெரியவரான பிறகு நோய்களும், குடிப்பழக்கமும், தற்கொலை முயற்சிகளும் அதற்கேற்றபடி பெருகுகின்றன என்று காட்டிற்று. ஜூடின் காலில் ஆறாமல் திரும்பத் திரும்பத் திறந்துகொள்ளும் புண்களும், இறுதியில் அவன் கால்களையே இழப்பதும் அந்த உண்மையின் கதை வடிவங்கள். அவனுடைய நோய்களை ஆசிரியை ஒரு சமயத்திலும் அலங்காரமாகப் பயன்படுத்தவில்லை. மாடிப்படி ஏறுவதும், மின்தூக்கி பழுதாவதும், ஒரு விருந்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்ற கணக்கும் ஒவ்வொரு நாளின் பிரச்சினைகளாகவே வருகின்றன.

இனி குறைகளுக்கு வருவோம்.

இந்நூலில் தீமைக்குக் காரணம் என்பதே கிடையாது. மடத்துத் துறவிகள், விடுதிகளுக்கு வந்தவர்கள், காப்பகத்து அலுவலர்கள், வழியில் லாரி ஓட்டியவர்கள், அடைத்து வைத்த மருத்துவர், நடுவயதில் வந்து சேரும் கேலப் என்ற காதலன் என்று ஒருவர் பின் ஒருவராகக் கொடியவர்கள் வருகிறார்கள். இவர்களில் ஒவ்வொருவரும் உலகில் இருக்கக் கூடியவரே. அத்தனை பேரும் ஒரே ஒருவனுக்கென்று காத்திருந்தார்கள் என்பதைத்தான் நம்ப முடிவதில்லை. விமர்சகர் டேனியல் மெண்டல்சன் 2015இன் இறுதியில் 'நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' பத்திரிகையில் எழுதிய கடுமையான மதிப்புரையும், இந்தத் துன்பங்கள் கதையின் தேவையால் எழாமல் ஆசிரியையால் சுமத்தப்பட்டவை என்றே குற்றம் சாட்டிற்று. நாவலின் பதிப்பாசிரியர் ஜெரால்ட் ஹோவர்ட் அதை மறுத்துக் கடிதம் எழுதினார். வாசகர் எவ்வளவு தாங்குவார் என்ற விஷயத்தில் தமக்கும் பதிப்பாசிரியருக்கும் சச்சரவு இருந்ததென்று யானகிஹாராவே பேட்டியில் சொல்லியிருப்பதை நினைத்தால், அளவைப் பற்றிய இந்தக் கேள்வி நூல் அச்சேறுமுன்பே எழுந்துவிட்டதென்று தெரிகிறது.

எல்லாவற்றையும் சிறிது மிகையாகவே அமைக்க வேண்டும் என்பது தம் நோக்கம் என்று ஆசிரியை சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம். மிகை ஒரு கலை முறை. நம் காவியங்களும் புராணங்களும் அதனால் ஆனவை. ஆனால் அரிச்சந்திரனுக்கு நேரும் துன்பங்களுக்குப் பின்னால் ஒரு சோதனையும் அதற்கொரு பொருளும் இருப்பதாக அந்தக் கதை நம்புகிறது. ஜூடின் கதையில் அப்படிப்பட்ட நம்பிக்கையும் இல்லை, அதன் இடத்தில் வைக்கத்தக்க சமூக விளக்கமும் இல்லை. அரசுக் காப்பகத்தை மேற்பார்வை செய்தவர்கள் எங்கே போனார்கள் என்பது, நாயகனே கூர்மையான வழக்கறிஞனாக இருக்கும் ஒரு நாவலில் ஒரு கேள்வியாக வளரவே இல்லை. 2002இல் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகையாளர்கள் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் மறைக்கப்பட்ட குற்றங்களை வெளிக்கொணர்ந்ததால் ஒரு தேசமே அதிர்ந்தது. இந்நாவலிலோ மடம் பெயருக்கு ஒரு மடம், அவ்வளவுதான். எந்த ஆண்டில் கதை நடக்கிறதென்பதையே தெரிவிக்காமல், போர், தேர்தல், அதிபர் என்று எதையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிட்டார் ஆசிரியை. அதனால் ஜூடின் துயரத்துக்கு ஒரு நித்தியத் தன்மை கிடைத்தது என்று அபிமானிகள் சொல்வார்கள். பொறுப்பாளி எவனும் இல்லாத துயரமாகவும் அது ஆகிவிட்டது என்பதே என் எண்ணம்.

வேறு நாவல்களோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். டோனி மாரிசனின் முதல் நாவல் 'தி புளூயெஸ்ட் ஐ' 1970இல் வெளிவந்தது. ஒஹையோ மாநிலத்தில் லொரெய்ன் என்ற ஊரில், தனக்கு நீல விழிகள் இருந்தால் எல்லாரும் தன்னை நேசிப்பார்கள் என்று நம்பும் பெகோலா என்ற கறுப்பினச் சிறுமி, தன் தகப்பனாலேயே சீரழிக்கப்பட்டு மதிகலங்கிப் போகிறாள். தகப்பன் சோலி செய்ததை மாரிசன் ஓர் அணுவும் மன்னிக்கவில்லை. ஆயினும் வெள்ளையர் கையில் இளமையில் அவன் பட்ட அவமானம் என்ன, அந்தக் கோபம் யார்மேல் போய் விழுந்தது என்று காட்டாமலும் விடவில்லை. வெள்ளை அழகே அழகென்று கற்பித்த பள்ளிப் பாடமும் பொம்மையும் சினிமாவும் சேர்ந்தே அந்தச் சிறுமியைக் கெடுத்தன என்று முடிக்கையில், வாசகரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நிற்க நேர்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே நூலுக்கு எழுதிய பின்னுரையில், வாசகர்கள் தம்மைத்தாமே விசாரித்துக்கொள்வதை விட்டுவிட்டு அந்தச் சிறுமிக்காக இரங்குவதோடு நின்றுவிட்டார்களே என்று மாரிசன் குறைபட்டுக்கொண்டார். இத்தனை எச்சரிக்கையோடு எழுதியவருக்கே அந்தக் குறை இருந்ததென்றால், இரக்கத்தைத் தவிர வேறொன்றையும் கேளாத ஒரு நாவலைப் பற்றி என்ன சொல்வது?

டொரதி ஆலிசன் 1992இல் எழுதிய 'பாஸ்டர்ட் அவுட் ஆஃப் கரோலைனா' வேறொரு வகையில் பாடம் புகட்டுவது. தெற்குக் கரோலைனாவின் கிரீன்வில் ஊரில் வறிய வெள்ளையர் குடும்பத்துச் சிறுமி போன், மாற்றாந்தகப்பனின் கையில் படும் பாட்டைத் தானே சொல்கிறாள். உணவு விடுதியில் பரிமாறிப் பிழைக்கும் தாய் ஆனி, மகளை நேசிக்காதவள் அல்லள். ஆயினும் இறுதியில் அந்தப் புருஷனோடேயே போய்விடுகிறாள். வறுமை, ஊராரின் ஏளனம், ஓர் ஆணின் துணை இல்லாமல் வாழ முடியாதென்ற பயம் என்று ஒவ்வொரு இழையும் கண்ணுக்குத் தெரிவதால், அந்தத் தாயை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நாம் தவிக்கிறோம். யானகிஹாராவின் நாவலில் இந்தத் தவிப்புக்கு இடமில்லை. நல்லவர்கள் முழுக்க நல்லவர்கள். கெட்டவர்கள் முழுக்கக் கெட்டவர்கள். நண்பர்கள் நால்வரும் தத்தம் துறையில் உலகப் புகழ் அடைகிறார்கள்; பணத்தால் வரக்கூடிய கவலை ஒன்றும் மிஞ்சுவதில்லை; எந்த நள்ளிரவில் அழைத்தாலும் வருவதற்கு மருத்துவர் தயாராக இருக்கிறார். துன்பத்தைக் குவித்ததுபோலவே சுகங்களையும் குவித்திருப்பதால், கொடுமைக்கு ஆளான பெரும்பாலோர் வாழும் வாழ்க்கை, வேலை இழப்பும் கடனும் கவனிக்க ஆளில்லாத நோயும் நிறைந்த வாழ்க்கை, இந்நூலில் எங்கும் தென்படுவதில்லை. பெண்களும் அப்படியே, ஜூலியாவின் மனத்தில் என்ன ஓடிற்று என்று 700 பக்கங்களில் நாம் அறியக்கூடியது சொற்பம்.

சொல்லாமல் சொல்லும் முறையையும் மறந்துவிடக் கூடாது. அருந்ததி ராயின் 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' நாவலில், கொச்சி நகரத்துச் சினிமாக் கொட்டகையில் குளிர்பானம் விற்பவன் ஒருவனால் சிறுவன் எஸ்தாவுக்கு நேர்வது ஒரே ஒரு காட்சி. அது சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அவன் பிற்காலத்தில் பேச்சையே விட்டுவிட்ட மனிதனாவதற்குப் பின்னால் அந்த நிழலும் நிற்கிறது. எட்வர்ட் செயின்ட் ஆபின், தம் சொந்த அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு எழுதிய பேட்ரிக் மெல்ரோஸ் வரிசையின் முதல் நாவலில், ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தகப்பன் இழைத்த அக்கிரமத்தை ஒரே நாளின் கதைக்குள் அடக்கி, அதன் பின்விளைவுகளுக்கே மற்ற நான்கு நூல்களையும் ஒதுக்கினார். வேதனையின் கனம் அது எத்தனை முறை காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்ததன்று என்பதற்கு இவ்விருவரும் சாட்சி. யானகிஹாரா, ஜூட் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் காட்சிகளைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார். மீள முடியாத பழக்கத்தின் அலுப்பை வாசகரும் உணர வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம். ஓரளவு அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் ஒரு கட்டத்துக்குமேல் மனம் மரத்துப்போய், அடுத்து என்ன கொடுமை என்ற எதிர்பார்ப்போடு பக்கத்தைப் புரட்டத் தொடங்கிவிடுகிறது. அந்த எதிர்பார்ப்பு என்னுள்ளே எழுந்ததை உணர்ந்தபோது நூலை மூடிவைத்துவிட வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தும் குறை ஒன்று உண்டு. என்றுமே தேறாத ஒரு மனிதனைப் படைக்க விரும்பியதாக யானகிஹாரா எழுதியிருக்கிறார். தேறாதவர்கள் இருக்கிறார்கள், எல்லாக் காயங்களும் ஆறிவிடும் என்று முடியும் மலிவான கதைகளுக்கு ஓர் எதிர்ச் சொல்லாக அப்படி எழுதுவதில் துணிவும் உண்மையும் உண்டு. ஆனால் ஜூட் தேறாமல் போவதற்கு அவனுடைய காயம் மட்டும் காரணமன்று, ஆசிரியையும் காரணம். அவன் வாய் திறந்து தன் கதை முழுவதையும் வில்லெமிடம் சொல்லி, இருவரும் இன்பமாக வாழத் தொடங்கும் காலத்தில், ஒரு கார் விபத்து வில்லெமையும் மால்கமையும் ஒருங்கே கொண்டுபோய்விடுகிறது. அதற்குப் பிறகு ஜூட் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளும்போது, குழந்தைப் பருவத்துக் கொடுமையின் நியாயமான விளைவு இதுவே என்று நாவல் நம்மை நம்பச் சொல்கிறது. விபத்துக்கும் அந்தக் கொடுமைக்கும் என்ன சம்பந்தம்? மனநோய் மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், கொடுமைக்கு ஆளானவர் மீள்வதற்குப் பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மறுபடியும் மனிதரோடு இணைதல் என்று மூன்று படிகளைச் சொல்லி, மீட்சி என்பது உறவுகளுக்குள்ளேதான் நிகழும், தனிமையில் நிகழாது என்று வற்புறுத்தினார். ஜூட் அந்த மூன்றாம் படியில் காலை வைத்த கணத்தில் ஆசிரியை படியைத் தட்டிவிடுகிறார். பேச்சு மூலமான மன சிகிச்சையில் தமக்கு நம்பிக்கை இல்லையென்று பேட்டிகளில் சொன்ன ஆசிரியை, தம் அவநம்பிக்கையை மெய்ப்பிக்கக் கதையை வளைத்திருக்கிறார் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். நூலைப் பலமுறை புரட்டிப் பார்த்தும் எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தோன்றவில்லை.

இது வெறும் அழகியல் வழக்கு அன்று. சமீப ஆண்டுகளில் இந்நாவல் இளைஞர்களிடையே பெருவாரியாகப் பரவியிருக்கிறது. படித்துவிட்டு அழும் தம் முகங்களைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டியவர்கள் பலர். 2018இல் ஆம்ஸ்டர்டாமிலும் 2023இல் லண்டனிலும் இவோ வான் ஹோவ் இதை மேடையேற்றினார். இவ்வளவு பேர் படிக்கும் நூலில், ஜூடைப்போலவே ரகசியம் சுமக்கும் வாசகர்கள் நிச்சயமாக இருப்பார்கள். அவர்களுக்கு இந்நூல், நீ தனியாக இல்லை என்று ஒரு பக்கத்திலும், உனக்கு விமோசனம் இல்லை என்று மறுபக்கத்திலும் சொல்கிறது. முதலாவது சத்தியம். இரண்டாவது ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கு அதன் ஆசிரியை எழுதிய விதி, அவ்வளவே.

வெட்கம் மனித மனத்தை எப்படி ஆள்கிறது என்பதைப் பற்றியும், நட்பும் பிள்ளைப்பாசமும் எதுவரை போகக்கூடும் என்பதைப் பற்றியும் இந்த நூற்றாண்டில் எழுதப்பட்ட சிறந்த பக்கங்கள் சில இந்நூலில் இருக்கின்றன. அந்தப் பக்கங்களுக்காக இதைப் படிக்கலாம். நாவல் என்ற முழு உருவத்தில் 'தி புளூயெஸ்ட் ஐ'க்கு அருகில் வைக்க இது தகுதி பெறவில்லை. தம் வாழ்வில் இத்தகைய துன்பத்தை அனுபவித்தவர்கள் இதைத் தனிமையில் இரவு நேரங்களில் படிக்க வேண்டாம் என்றும், படிக்க நேர்ந்து மனம் கலங்கினால் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ மருத்துவரிடமோ அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்றும் அவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.